கடைசி வரிசைக் கதிரை

காக்கா,

இன்று ஜும்ஆத் தொழுகையில், கடைசி வரிசையில் நீங்கள் இருந்து தொழுத வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையில் பள்ளிவாசல் நிர்வாகி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முழங்கால் போய்விட்டதாம். தொழுகை முடிந்து எழும்ப ஏலாமல் என்னிடம் கையை நீட்டினார். செருப்பைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

யுத்த காலத்தில், ஊர்காவல் படையில் நீங்கள் சாகாமம் பக்கம் அறுவடைக்குக் காவல் நின்ற நாளில், வெடிச்சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தீர்கள். வலது முழங்கால் திரும்பியது, கணுக்கால் நொறுங்கியது. அதன்பிறகு அந்தக் கால் பாதி மடிந்தபடியே நின்றுவிட்டது. மேற்கொண்டு மடங்காது, நிமிரவும் செய்யாது. "எனக்கு லெப்ட் ரைட் இல்லடா தம்பி, லெப்ட் மட்டுந்தான்" என்று கல்முனை பஸ் நிலையத்தில் நின்று சிரிப்பீர்கள்.

அங்கவீனக் கொடுப்பனவுக்கு வைத்திய சபை கூப்பிட்டபோது, சிங்களம் தெரிந்த தம்பி என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். கதிரையில் இருக்கும்போது உங்கள் காலில் குறை தெரியாது. டொக்டரும் மேசையை விட்டு எழும்பவில்லை. தொழுவீர்களா என்று மட்டும் கேட்டார்.

"ஓம். ஒரு வக்துத் தொழுகயும் விட்டதில்லையெண்டு செல்லு."

சொன்னேன். கதிரையில் இருந்துதான் தொழுகிறீர்கள் என்பதை, உங்கள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அதையும் சொல்லியிருக்கலாமே என்று வெளியே வந்து கேட்டதற்குக் கோபித்தீர்கள். "தொழுகயில குறையிரிக்கெண்டு பிற மனிசனுக்கிட்டச் செல்லுறதா? அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கதை."

தினமும் ஐந்து வேளை முழங்காலிட்டுத் தொழுகிறார், மூட்டு இயங்குகிறது என்று எழுதி நிராகரித்தார்கள்.

மேன்முறையீட்டை நான் எழுதினேன். நான் எழுதியவற்றில் அதுவே நல்ல எழுத்து. அதனோடு இணைக்க ஒரே ஒரு கடிதம் வேண்டியிருந்தது: இவர் கதிரையில் இருந்தே தொழுபவர் என்று பள்ளிவாசல் எழுதித் தர வேண்டும். "பள்ளி லெட்டரக் கொண்டு சர்க்காரோட வழக்காடப் போறியளோ? நாளைக்கு ஊரிலுள்ள நொண்டியெல்லாம் இஞ்ச வந்து நிக்கும்" என்றார் நிர்வாகி. மூன்று தரம் போனேன். நான்காம் தரம் நீங்கள் மறித்தீர்கள்.

"விடு தம்பி. மிச்சம் கதைச்சா கதிரயையும் எடுத்துப்போடுவாங்க."

கடிதமில்லாமல் அனுப்பினோம். புதிய சான்று எதுவுமில்லை என்று பதில் வந்தது. அடுத்த மாதம் நீங்கள் மௌத்தானீர்கள்.

உங்கள் உடலைக் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். "கால நீட்டி விடுங்க" என்றார் ஒருவர். மூடியிருந்த துணிக்கு மேலால் முழங்காலில் உள்ளங்கையை வைத்து மெல்ல அமர்த்தினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அமர்த்தினேன். "ஏலாது" என்றேன். கபன் துணி சுற்றிய பிறகும் அந்த இடம் மட்டும் உயர்ந்தே நின்றது. நிர்வாகி அதைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

அவர் தராத கடிதத்தைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லாத ஆளில்லை. டொக்டரின் மேசைக்கு முன்னால் நான் விழுங்கியதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்கள் வெட்கத்தைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையா என்று கேட்க நீங்கள் இல்லை.

என் முழங்கால்கள் இப்போதும் நன்றாக மடங்குகின்றன, காக்கா. ஒவ்வொரு ஸுஜூதிலும் நெற்றி தாழ்த்தி உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்போது, அதன் கீழே உங்கள் முழங்கால் வந்து நிற்கிறது. அமர்த்திப் பார்க்கிறேன். நிமிரவில்லை.