கீதா செடியில் ஒரு பழம்

14-2-93
பனி. ஓசூரில் காலை எட்டு மணிக்கும் வெயில் இல்லை. கம்பெனி ஷிப்ட் பஸ்கள் விளக்கோடு போகின்றன.

செடி சுவரோரம் முழுக்கப் படர்ந்துவிட்டது. விரல் போல் தடித்த இலை, ஒடித்தால் நீர். கடற்கரை மணலில் படர்வதாம். ஆஸ்திரேலியாவில் மகள் கீதா நர்ஸாக இருந்த ஊரில் டூட்டி முடிந்து கடலோரம் நடக்கும்போது இதன் பழத்தைப் பறித்துத் தின்பாளாம். கடைசி லீவில் ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். முதல் பழம் அம்மாவுக்கு என்றாள். பெயரும் சொன்னாள், மறந்துவிட்டேன். எங்களுக்குக் கீதா செடி.

மே வந்தால் அவள் போய் ஒரு வருஷம். அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை.

பக்கத்து வீட்டு மும்தாஜ் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "ஏன் சார், எங்க ஆடு கூட மோந்துட்டுப் போவுது. இதுக்கா தண்ணி ஊத்தறீங்க?"

மூன்று மொட்டு.

15-2
மொட்டுகள் இல்லை. சரோஜா விடியலிலேயே பறித்து மகள் படத்துக்கு வைத்துவிட்டாள். மல்லி பறித்த பழக்கம். இது உச்சி வெயிலில்தான் விரியும். படத்தடியில் மூடியபடியே வாடின. பூ போனால் பழம் ஏது? பாடம் நடத்திய பழக்கத்தில் பூசணிப்பூவை உதாரணம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வாங்க: ச.வுக்கு பிரஷர் மாத்திரை, தபால் உறை 4, வெல்லம்.

21-2
இன்னொரு மொட்டு. விதைக்கு விட்ட பீர்க்கங்காயைப் பறிக்காமலிருக்கத் துணி கட்டுவார்களே, அதுபோல வேட்டிக் கிழிசல் ஒன்று கட்டினேன். ச. பார்த்தாள். பறிக்கவில்லை. மதியம் விரிந்தது. இளஞ்சிவப்பு. இருவரும் நின்று பார்த்தோம்.

9-5
நேற்று கோடை மழை. பழம் சிவந்துவிட்டது, கட்டைவிரல் அளவு. ஒன்றே ஒன்று. நாளை கீதா போன நாள். கெலமங்கலம் சந்தையில் வாழை இலை வாங்கினேன்.

பழத்தைப் படையலில் வைக்க வேண்டும் என்கிறாள் ச. உனக்கென்றுதானே கொண்டு வந்தாள் என்றேன். "அவளுக்கு வெக்காம நான் எப்படிங்க திங்கறது?"

10-5
படையல் முடிந்து, பழத்தோடு இலையை மாடியில் வைத்தோம். காக்கை வந்தது. சோறு எடுத்தது, வடை எடுத்தது. பழத்தை அலகால் தள்ளிவிட்டுப் பறந்தது.

ச. வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக முகம் பார்க்க நாம் வராத கோபம் அவளுக்கு என்றாள். ஓசூர்க் காக்கைக்கு இந்தப் பழம் எப்படித் தெரியும் என்றேன். புது வாத்தியாரிடம் முதல் நாள் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், அது கோபமா என்றேன்.

பழத்தைக் கழுவி, தோல் உரித்துப் பாதி கொடுத்தேன். வழவழப்பு, பொடி விதை. அவள் நெடுநேரம் மெல்லவில்லை.

"உப்புங்க. கண்ணீராட்டம் உப்பு. இதயா தின்னுட்டுத் தனியா நடந்தா எம்பொண்ணு?"

பிறகு என் பாதியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.