மடியில் இருந்த பாயாசப் பானை

அன்பு மாலா, என் வம்புக்காரத் தங்கச்சி,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வருசத் திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம். ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து இத்தனை காலமாகியும் மலர் இல்லாமல் நம்மவர்களுக்குத் திவசம் நிறையாது. அதில் அண்ணனுக்கென்று இரண்டு பக்கம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். உன்னை அறிந்த எல்லோரும் படிப்பார்கள், படிக்கட்டும்.

முதலில், நீ போன பிறகு நடந்த புதினங்களைச் சொல்கிறேன். உன் மகள் ஆரணி முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். காலை வேலை என்றால் ஆறு மணிக்கே நிற்கவேண்டும். உன் சின்னக் காரில்தான் போகிறாள், கண்ணாடியில் நீ தொங்கவிட்ட பிள்ளையாரையும் கழற்றவில்லை. உன் கறிவேப்பிலைக் கன்று குளிருக்கு என் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாம் பாண் வாங்குகிற பேக்கரிப் பெண் இன்னமும் உன்னைக் கேட்கிறாள். நீ போனதை ஒருமுறை சொல்லிவிட்டேன், மறந்துவிட்டு மறுபடியும் கேட்கிறாள், இப்போதெல்லாம் நான் "சுகமாக இருக்கிறா" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் என் காரை விற்றுவிட்டேன். நான் வேலை செய்கிற கார் பழக்கும் பள்ளிக்கு மட்டும் போகிறேன். அங்கே பழகுகிறவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து என் பக்கத்துப் பிரேக்கின் மேல் காலை வைத்திருப்பேன். முன்பு காலைச் சும்மா வைத்திருப்பேன். இப்போது வகுப்பு முடியும்போது கெண்டைக்கால் வலிக்கிறது.

மலரைப் படிக்கிற சிலருக்கு என்னைத் தெரியாது. நான் இருபது வருடமாக இந்த ஊரில் வாகனம் பழக்குகிறவன். என் முதல் வகுப்பு எப்போதும் ஒன்றுதான். ஓடுகிற பொருள் தானாக நிற்காது, ஏதாவது ஒரு விசை அதை நிறுத்தவேண்டும். கார் நின்றாலும் காருக்குள் இருக்கிற நீங்கள் நிற்கமாட்டீர்கள், அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் சடத்துவம் என்று படித்ததை இங்கே ஜெர்மன் மொழியில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். "அண்ணைக்குச் சோறு போடுறது பிரேக்தான்" என்று நீ எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய்.

டிராமில் கம்பியைப் பிடிக்காமல் நின்று நீ ஒரு கிழவரின் மேல் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறதா? வீட்டு வாசல் வரைக்கும் நான் உனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன். டிராம் நின்றது, உன் கால் அதோடு நின்றது, உன் உடம்புக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை என்றேன். "ஐயோ அண்ணை, வீட்டையும் வகுப்போ" என்று காதைப் பொத்தினாய்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

பக்கத்து ஊர் மண்டபத்தில், பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சாமத்திய வீடு. பாயாசம் உன் பொறுப்பு. விடியவே எழும்பிக் காய்ச்சிப் பெரிய பானையில் ஊற்றி, மூடியை வைத்துத் துணியால் வாய் கட்டினாய். என் கார் புதிசு. பழைய காரின் பின்பெட்டியில் ஒருமுறை சாம்பார் கவிழ்ந்து, கோடை முழுவதும் அது மணத்துக்கொண்டிருந்தது. அதனால் பானையைப் பின்பெட்டியில் வைக்க நான் விடவில்லை. கதிரைத் துணி பழுதாகிவிடும் என்று பின் கதிரையிலும் வைக்க விடவில்லை. நம்மவர்கள் வீட்டுக்கு வீடு செய்வதைத்தான் நானும் செய்தேன். பானையைத் தூக்கிவந்து உன் மடியில் வைத்தேன்.

நீ அதற்கு முன்னமே ஏறி இருந்து பெல்ட் போட்டுவிட்டாய். அது பூட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. பானை வந்ததும் பெல்ட் மூடியில் இடறியது, மூடி சரிந்தது. அப்போது நான் சொன்னேன்.

"பெல்ட்டைக் கழட்டு மாலா. பானையை இறுக்கிப் பிடி. பத்து நிமிசம்தானே."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நீங்களே சொல்லுறியளோ அண்ணை?"

"நான்தானே ஓட்டுறன்" என்றேன்.

இருபது வருடத்தில் எத்தனை பேர் என்னிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள்? பக்கத்துத் தெருவுக்குத்தான், மெதுவாகத்தான் போவேன், எனக்கு நல்லாய் ஓட்டத் தெரியும். அவர்களுக்கெல்லாம் நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஐம்பதில் போனால் கால் பிரேக்குக்குப் போகுமுன் பதினைந்து மீட்டர், பிரேக் பிடித்த பிறகு இருபத்தைந்து மீட்டர். அண்ணன் ஓட்டினால் ஒரு மீட்டர் குறையும் என்று அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

வெள்ளை வான் ஒன்று பார்க்காமல் தெருவுக்கு வந்தது. பிழை அவனுடையது என்று பிறகு கடிதம் வந்தது. நான் பிரேக் பிடித்தேன். பிரேக் தன் வேலையைச் செய்தது, டயர் தன் வேலையைச் செய்தது. இன்னும் சில மீட்டர் கிடைத்திருந்தால் முட்டியிருக்கவே மாட்டோம். கார் நின்றது. நீயும் பானையும் நிற்கவில்லை.

என்னைப் பெல்ட் பிடித்தது. நான் அதை எவ்வளவு தள்ளினேனோ அவ்வளவு அது என்னைத் தள்ளியிருக்கிறது, மார்பில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு நீலக்கோடு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் நீ போனாய். அந்தக் கோடு மாறுவதற்கு முன்பே போய்விட்டாய்.

பொலிஸ்காரர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். உங்கள் தங்கை பெல்ட் போட்டிருந்தாரா? இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை, மாலா. அதைத்தான் எனக்கு நானே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செத்த வீட்டில் அந்த "இல்லை" என்ற ஒரு சொல் ஊரெல்லாம் போனது. "மாலா எப்பவும் அவசரக்காரி." "எத்தினை பேருக்குப் படிப்பிக்கிறார், சொந்தத் தங்கச்சி கேக்கேல்லை பாருங்கோ." என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை விட்டிருப்பாயா?

அதுவும் பழகிப்போயிருக்கும், நான் அப்படிப்பட்டவன்தான். ஆரணிதான் என்னை அப்படியே இருக்கவிடவில்லை. போன மாதம் திவசத்துக்கு உன் படத்தை எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன். உன் படம் சுவரில் இல்லை, அலுமாரிக்குள் குப்புறக் கிடந்தது.

"நான் திவசத்துக்கு வரேல்லை மாமா" என்றாள். "அம்மா என்னை யோசிக்கேல்லை. ஒரு பெல்ட் போட எவ்வளவு நேரம்? அவவுக்குப் பாயாசம்தான் பெரிசாப் போச்சு. நான் அவவோட கோவம்."

தனியாக நின்று நீ வளர்த்த பிள்ளை. ஒரு வருடமாக அவள் உன்னை நினைத்து அழவேயில்லை, கோபித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள். அந்த அழுகையையும் நான்தான் உன்னிடமிருந்து எடுத்தேன்.

"அம்மா பெல்ட் போட்டவ, பிள்ளை" என்றேன். "நான்தான் கழட்டச் சொன்னனான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "முதல் போட்டவவோ?"

"ஓம். பூட்டின சத்தம் கேட்டது."

"நீங்கள் சொன்னபடியாலோ கழட்டினவ?"

"ஓம்."

எழும்பிக் கதவைத் திறந்துவிட்டாள். நான் வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு வருடம் கழித்து உனக்காக அழுதாள். நான் படியிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டு கிழமை அவள் என் போனை எடுக்கவில்லை. பிறகு அவளே போன் அடித்தாள். மாமா என்று கூப்பிடவில்லை, இன்றுவரை கூப்பிடவில்லை. "எல்லாரும் அம்மாவைத்தான் சொல்லினம்" என்றாள். "மலரில எழுதுங்கோ. எல்லாருக்கும் தெரியோணும். எழுதினால் நான் வருவன்."

ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன். என் தங்கை மாலா அன்று காரில் ஏறியதும் பெல்ட் போட்டாள். அவள் அவசரக்காரியும் இல்லை, சொல் கேளாதவளும் இல்லை. ஒரு புதுக் காரின் கதிரைத் துணிக்காக அவளைக் கழற்றச் சொன்னவன் நான். அவள் செய்த பிழை, என்னை நம்பியது ஒன்றுதான்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ பகிடியாய் ஏதாவது சொல்லி உடனே தந்துவிடுவாய், எனக்கு அது வேண்டாம். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். முதல் வகுப்பில், பெல்ட் போடாமல் செத்த யாரோ "ஒருவர்" என்று இதுவரை கதை சொல்லிவந்தேன், இனிச் சொல்லமாட்டேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து "என் தங்கை" என்பேன், "நான் சொன்னேன்" என்பேன். அதற்காகப் பள்ளியில் என்னை வேண்டாம் என்றாலும் சரி.

இப்படிக்கு,
யார் சொல்லை நீ கேட்டாயோ, அந்த அண்ணன்