ரத்ரியின் சனிக்கிழமை வகுப்பு

அன்புள்ள வினார்த்திக்கு,

நான் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

டியூஷனுக்காக நம் மகள் ரத்ரியின் சனிக்கிழமை சாரணர் வகுப்பை நிறுத்தப்போவதாக எழுதியிருந்தாய். நிறுத்தாதே.

போன வாரம் கடைக்கு வாங்கிய பாத்திரச் சரக்கோடு படகில் போனேன். எஞ்சினில் கொஞ்சம் புகை வந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் ஓடியதில் படகு சாய்ந்தது. கத்திப் பார்த்தேன், யாரும் கேட்கவில்லை. சட்டென்று சாரணர் கைதட்டலைத் தட்டினேன். சத்தத்தை அடக்க நம் நாட்டுப் பள்ளிகளில் எல்லாம் தட்டுவார்களே, பிள்ளைகளும் பதிலுக்குத் தட்டி அமைதியாவார்களே, அதேதான். தாடி நரைத்தவர்கள்கூடத் தங்களை அறியாமல் பதிலுக்குத் தட்டி, அப்படியே நின்றார்கள்.

"பாதிப் பேர் அந்தப் பக்கம் போய் உட்காருங்க!" என்றேன். போனார்கள்.

"ஏண்ணே, நீங்க எந்தப் படைக்குத் தலைவரு? அரைக்கால் சட்டை எங்கே?" என்று சிரித்தாள் மீன் விற்கும் யோசினா.

நான்கு வருடமாக இந்தத் தீவில் எனக்கு 'ஜாவாக்காரன்' என்றுதான் பெயர். இப்போது அவளும் அவள் புருஷனும் சாயங்காலம் கடைக்கு வந்து, என் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ரத்ரியும் நாளைக்குத் தெரியாத ஊரில் பிழைக்க வேண்டியவள்தானே. டியூஷனை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று.

வேர்க்கடலைச் சட்னிப் பொடி இரண்டு பொட்டலம் கூடுதலாக அனுப்பு. கப்பல் கிளம்பப்போகிறது, அதில் ஊருக்கு வரும் லுக்மானிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் நான் தனியாகச் சாப்பிடுவதில்லை.

உன்,
ஹர்தோயோ