எட்டு யூரோவுக்குள் ஒரு சிவப்பு

நவம்பர் 4, திங்கள்

பத்தொன்பது வருடமாக வியாழன்தோறும் பத்திரிகையில் என் ஒயின் பக்கம். இன்று லவீனியா (முப்பத்திரண்டு வயது, ஆசிரியராகி மூன்று மாதம்) காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே சொல்கிறாள்: "ஊபால்டோ சார், அறுபது யூரோ பரோலோ ஒயினப் பத்தி எழுதுனா யாரு சார் படிக்கிறா? எட்டு யூரோவுக்குள்ள, போன வருஷத்துச் சிவப்பு ஒயினா தேடிப் பிடிங்க. டிசம்பர் வரைக்கும் பார்ப்போம். எடுபடலைன்னா அந்த இடத்துல சமையல் குறிப்பு போட்டுடலாம்."

சமையல் குறிப்பு! என் பக்கத்தில்!

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பக்கம் இல்லாவிட்டால் நான் டூரின் நகரத்தில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

நவம்பர் 7, வியாழன்

பன்னிரண்டு புட்டிகள். வாயில் ஊற்றி, சுழற்றி, என் தகரக் குவளையில் துப்பினேன். ஒரு கியாந்தி: ஈரச் சாக்கு. ஒரு டொல்செட்டோ: கடித்த பென்சில். தெற்கிலிருந்து வந்த ஒன்று ஜாம் டப்பா கழுவிய தண்ணீர். இதைப் போய் காசு கொடுத்து வாங்கி, பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்து குடிக்கிறார்கள். இவர்களுக்கு ஓட்டுரிமை வேறு.

நவம்பர் 12, செவ்வாய்

மோன்ஃபெராத்தோ மலை. மழை. இர்மா என்று ஓர் அம்மாள், புருஷன் செகோன்டோ, சொந்தத் தோட்டம். போன வருடத்துப் பார்பெரா, அந்த மலைப் பக்கத்துச் சிவப்பு ஒயின், ஆறு யூரோ. காலை பத்து மணி, நிலவறையில் பல் கிட்டுகிற குளிர். ஒரு வாய் வைத்தேன். புளிப்பு காது வரை ஏறியது. துப்பினேன்.

"பிடிக்கலையா?"

"எங்க தொழில் அப்படி. நான் எதையும் விழுங்குறதில்ல."

"எதையுமேவா?"

"முப்பது வருஷமா."

அந்த அம்மாள் என் குவளைக்குள் எட்டிப் பார்த்தாள். "வருஷம் பூரா முதுகு ஒடிஞ்சது இந்தத் தகரத்துக்கா?" செகோன்டோ வாய்விட்டுச் சிரித்தான்.

எனக்குப் பாடம் எடுக்கிறாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

நவம்பர் 14, வியாழன்

பக்கம் வந்துவிட்டது. இர்மாவின் ஒயினுக்கு ஒரே வரி: "கீரை சாலட்டுக்கு வினிகர் தீர்ந்துபோனால் இதை ஊற்றிக்கொள்ளலாம்." லவீனியா எழுந்து நின்று கைதட்டினாள். "செம சார்! ஆளாளுக்கு ஃபோன்ல அனுப்பிட்டிருக்காங்க. இப்படியே திட்டுங்க."

பத்தொன்பது வருடம் பாராட்டி எழுதினேன். ஒருத்தரும் கைதட்டியதில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

இன்னும் ஒன்பது. எல்லாம் குப்பை. திட்டி எழுதுவது சுகமாக இருக்கிறது — அதுதான் கொஞ்சம் உதைக்கிறது.

நவம்பர் 25, திங்கள்

இர்மா ஃபோன் செய்தாள். சண்டைதான் என்று நினைத்தேன்.

"வெறும் வயித்துல, காலங்காத்தால, எங்க ஊர்ல எவனும் பார்பெரா குடிக்கிறதில்ல, பெரிய மனுஷரே. ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பிட வாங்க. அந்தத் தகரத்த வீட்டுலயே வச்சுட்டு வாங்க."

போகத்தான் வேண்டும். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்று பேசுவார்கள். குவளையைப் பையில் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆவி பறக்கும் எலும்புச் சாறு, அதில் கறி பொதிந்த குட்டி மாவுப் பொட்டலங்கள், அன்யொலொட்டி, கிண்ணம் நிறைய. செகோன்டோ புட்டியை எடுத்தான். கோப்பையில் ஊற்றுவான் என்று பார்த்தால் என் கிண்ணத்துக்குள்ளேயே ஊற்றினான். சாறு ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"அய்யோ, என்ன பண்றீங்க!"

"எங்கப்பா ஊத்தினாரு, நான் ஊத்துறேன். ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

மலைக்காரர்களின் இந்த வழக்கத்தை என் பக்கத்திலேயே இரண்டு முறை கிண்டலடித்திருக்கிறேன். இப்போது கரண்டி கையில். குவளை காலடியில், பைக்குள். வாய் நிறைய அன்யொலொட்டியை வைத்துக்கொண்டு எதைத் துப்புவது? விழுங்கினேன்.

நாக்கில் கொழுப்பு படிந்திருந்தது. அந்தப் புளிப்பு, நான் வினிகர் என்று எழுதிய அதே புளிப்பு, வந்து அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது. வாய் அடுத்த கரண்டி கேட்டது. பிறகு கோப்பையிலும் குடித்தேன். தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் செர்ரிப் பழ வாசனை மூக்குக்கு ஏறி வருகிறது. இறங்கிய பிறகு! முப்பது வருடமாக நான் பாதிக் கிணறு தாண்டிவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேனா? எத்தனை பேர் உழைப்பை? சை, என்ன ஜென்மம் நான்.

மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

"மன்னிச்சிடுங்கம்மா."

"எதுக்கு? நீங்க எழுதுனத அட்டையில எழுதி சந்தையில மாட்டுனேன். அப்படி என்னதான் மோசம்னு பார்க்கவே கூட்டம் வந்துச்சு. விக்கிறதுக்கு ஒரு புட்டி மிச்சமில்ல."

"இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருக்கலாம், புது டிராக்டரே வந்திருக்கும்" என்றான் செகோன்டோ.

விற்றதற்குக் காரணம் ஒயின் இல்லை, என் நாக்கு. அந்த நினைப்பு இன்னும் அதிகமாக வலித்தது.

வீட்டுக்கென்று வைத்திருந்த பெரிய குடுவையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் நிறையப் பிடித்துக் கொடுத்தாள். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

எழுதிக் கொடுத்துவிட்டேன்: முதலிடம் இர்மாவின் பார்பெராவுக்கு. சாப்பாடு இல்லாமல், விழுங்காமல், துப்பிவிட்டுத் தீர்ப்பு சொன்னது என் தப்பு. லவீனியா படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"நீங்க பாராட்டுனா எவன் சார் படிப்பான்? மன்னிப்பெல்லாம் தூக்குங்க. அந்தம்மாவ இன்னொரு தடவ கிழிங்க, பக்கம் உங்களுக்குத்தான். வருஷம் பூரா."

நாளை மதியம் வரை யோசிக்கச் சொன்னாள்.

டிசம்பர் 4, புதன்

ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அப்படியே அனுப்பினேன்.

டிசம்பர் 5, வியாழன்

என் பக்கத்தில் பூசணிக்காய் சூப் செய்முறை. வண்ணப் படத்தோடு. உப்பு அளவே தப்பு, மூடர்கள்.

சந்தையில் மாட்டெலும்பும் அன்யொலொட்டியும் வாங்கி வந்து அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலில் இருந்ததைக் கிண்ணத்தில் ஊற்றினேன், மிச்சத்தைக் கோப்பையில்.

தகரக் குவளையை நன்றாகத் தேய்த்துக் கழுவி அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் இப்போது கரண்டிகள் நிற்கின்றன.