பனியில் கண் திறந்த நீலப்பூ

லே (லடாக்),
18.4.1989

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நான் திடமாக இருக்கிறேன். உனக்கும் பாப்பாவுக்கும் உடம்பு எப்படி? குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

நீ ஆசைப்பட்டுக் கேட்ட நீலப்பூச் செடி, ஜென்டியன், ஒருவழியாக முளைத்துவிட்டது! ஐப்பசியில் விதைத்து, குளிருமே என்று தொட்டியை ஒர்க்‌ஷாப் அடுப்போரம் வைத்து, மூன்று மாதம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். “இன்னா அண்ணாத்தே, கொயந்தைக்கு ஊத்துற மாரி ஊத்திகினு கீறே?” என்று இங்கே என்னோடு வேலை செய்யும் நம் நூம்பல் ஊர்க்காரன் வேம்புலி சிரித்தான். ஒன்றும் வரவில்லை. கோபத்தில் வெளியே பனியில் தூக்கி வைத்தேன். பனி உருகியதும் தொட்டி முழுக்கப் பச்சை! குளிர் பட்டால்தான் அந்த விதை கண் திறக்குமாம். மேலே மண் மூடக்கூடாது, ஈரம் காயக்கூடாது. வேர் பிடித்துவிட்டால் வருஷாவருஷம் தானே துளிர்க்கும்.

அதைப் பார்க்க ஓடியதில் வழுக்கி, இடது மணிக்கட்டு கொஞ்சம் பிசகியது. எழுதுவது வலது கைதானே, கவலைப்படாதே.

பாப்பாவின் காலைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். போன தீபாவளி அளவு இப்போது சேராது.

தபால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கேட் ஓரம் அந்தப் பூவுக்காக நீ வெட்டி வைத்த குழியில் முருங்கைக் கொம்பு நட்டுவிடு. தொட்டியை வேம்புலியிடம் ஒப்படைத்துவிட்டேன். ஊருக்கே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, ஆனியில் வருகிறேன்.

அந்தச் செடி ஆவடி வெயிலைத் தாங்காது. நான் தாங்குவேன்.

உன்,
உத்தமன்