கடுக்காய் மூட்டையில் கழிவை அளந்தவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை முனிரத்தினம்,

என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நாலு பேர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். கடிதத்தில் அது வேண்டாம், பழையபடி நீதான். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. உன் மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் போகவில்லை. செத்துப்போனவன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

ஆபீஸ் சேதி சொல்கிறேன். நம் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு விஷக் கழிவு வருகிறது என்று கேட்டார்களே, அந்த அறிக்கை இன்னும் போகவில்லை. டெல்லியிலிருந்து இரண்டு முறை டிரங்க் கால் வந்துவிட்டது. உன் மதிப்பீடு ஒன்று, என் மதிப்பீடு ஒன்று, இரண்டும் நம் ஆபீஸ் பெரியவர் மேஜையில் கிடக்கின்றன. என்னுடையதன்படி கழிவைக் கொட்ட மலையடிவாரத்தில் ஒரு குழி வெட்டினால் போதும். உன்னுடையதற்கு மூன்று வேண்டும். குழி போதாமல் போனால் முதல் மழைக்கே வழிந்து ஊர்க் கிணறுகளில் இறங்கிவிடும். பெரியவருக்கு என்னுடையதுதான் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்கிறார்.

நான் பிடித்துக்கொண்டது வளரும் நாடுகளுக்கென்று அச்சடித்து வந்த பட்டியலை. ஆளுக்கு இவ்வளவு கழிவு, அதை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கு, வேலை முடிந்தது. ஷாப்பு ரிஜிஸ்டரில் இருந்த பெயர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். தொட்டியில் இறங்கி நிற்கிறவர்கள் முக்கால்வாசி மேஸ்திரி கூட்டி வருகிற ஆட்கள், அவர்கள் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாது. வாணியம்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த உனக்கு உறைத்தது.

நீ ரிஜிஸ்டரைத் தொடவே இல்லை, ஜவ்வாது மலைக்கு பஸ் ஏறினாய். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டவர்கள் குரோம் உப்புக்கு மாறுகிறார்கள். மாறினவர்கள் மலையில் கடுக்காய் வாங்குவது குறையும். எத்தனை மூட்டை குறைந்தது என்று கேட்டால் எத்தனை தோல் குரோமுக்குப் போகிறது என்று தெரியும், அதிலிருந்து வருகிற விஷக் கழிவும் தெரியும். இதை நீ சொன்ன அன்றைக்கு, “இது இன்னா கணக்குய்யா?” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது, மாப்பிள்ளை. எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

போன வாரம் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனேன். நீ சொன்னது தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன்? கடுக்காய் விற்கிற பூங்காவனம் அம்மா, ஆபீஸ் பையைப் பார்த்ததுமே, “அந்த சிரிச்ச மூஞ்சி சாரு வர்லீங்களா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தராசைக் கீழே வைத்தார். பிறகு ஒரு படி சாமையை என் பையில் கொட்டி, உன் வீட்டில் கொடுக்கச் சொன்னார். இத்தனை வருஷ சர்வீஸில் என்னை நினைத்து யாரும் ஒரு பிடி கொடுத்ததில்லை.

கிளம்பும்போதுதான் அந்த அம்மா சொன்னார். “ரெண்டு வருசமா மழ இல்லீங்க, கடுக்கா காய்க்கல. ஷாப்புக்காரங்க வந்து கேட்டாங்க, நாங்கதான் இல்லன்னுட்டோம்.”

கேட்டாயா? மூட்டை குறைந்ததற்குக் குரோம் மட்டும் காரணமில்லை, வானமும் காரணம். அப்படியென்றால் உன் மதிப்பீடு ஊதிப்போனது. மலைப்பாதையில் பஸ் இறங்க இறங்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். திட்டாதே, உள்ளதைச் சொல்கிறேன்.

நேரே தங்கை கமலாவிடம் போய் சாமையைக் கொடுத்துவிட்டு உன் நோட்டைக் கேட்டேன். கடைசிப் பக்கத்தில் உன் கோணல் கையெழுத்து. ‘மழை இல்லாத இரண்டு வருஷத்தையும் கணக்கிலிருந்து தள்ளியாச்சு.’ தள்ளின பிறகும் மூன்று குழி! எனக்கென்று ஒரு தப்பாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா?

அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘மச்சான்கிட்ட காட்டணும். வேற ஓட்டை இருந்தா அவன் கண்ணுக்குத்தான் தெரியும்.’

“இன்னாண்ணா?” என்றாள் கமலா. உன் வூட்டுக்காரர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் காட்டவில்லை, மாப்பிள்ளை? நான் சிரித்ததாலா?

இரண்டு நாளாக வரி வரியாகப் பார்த்துவிட்டேன். ஓட்டை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என் தாளை நானே திரும்ப வாங்கிவிடுகிறேன். பெரியவர் குதிப்பார், குதிக்கட்டும். மூன்று குழி என்று டைப் அடிக்கச் சொல்லி, தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போடுவேன். கீழே சரிபார்த்தவர் என்று ஓர் இடம் இருக்கிறது. அது நீ எனக்கென்று எழுதிவைத்த இடம், வேறு யாருக்கும் விடமாட்டேன்.

இன்னும் வயிறெரிந்துகொண்டிருக்கும்
உன் மச்சான்
சிவலிங்கம்