பல்லைக் கடித்தால் வருகிற சிரிப்பு

பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு எதிரே புதிதாக ஒரு பெட்டிக்கடை வந்திருக்கிறது. பழைய தின்பண்டம் என்றால் இப்போது எல்லோருக்கும் ஒரு மோகம் அல்லவா, கடைக்காரர் கண்ணாடி ஜாடிகளில் தேன் மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு என்று அடுக்கிவைத்திருக்கிறார். நேற்றுக் காலை ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தவன், வெல்லமும் தேங்காயும் சேர்ந்து முறுகிய அந்த வாசனையில் நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. போனால் போகட்டும். நீ இல்லாத ரயிலில் எனக்கு யார் இடம் பிடித்து வைத்திருக்கப்போகிறார்கள்?

நெமிலிச்சேரியில் ஏறுகிறவன் நீ, அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவன் நான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரித்து, “ஆளு வருது, ஆளு வருது” என்று வருகிறவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருப்பாய். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து அடுக்குமாடியில் குடியேறிய எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சொந்தம் அந்தக் கைக்குட்டைதான். நான் அம்பத்தூரில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வேலைக்குப் போவேன். நீ சென்ட்ரல் வரை போய், பாரிமுனையில் இரும்புக்கடை வேலைக்குப் போவாய். நடுவில் உள்ள ஸ்டேஷன்களெல்லாம் உன் சிரிப்பில்தான் கழியும். நகைச்சுவை சொல்கிறவன் நீ இல்லை. யார் என்ன சொன்னாலும் முதலில் சிரிக்கிறவன். உன் சிரிப்பைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கே சொன்னது நகைச்சுவை என்று தெரியும்.

அப்புறம் காதுக்குள்ளே, மூளையை ஒட்டி, அந்தக் கட்டி வந்தது. எடுத்தார்கள். நீ பிழைத்தாய், கட்டியோடு பின்னிக் கிடந்த முகநரம்பு பிழைக்கவில்லை. வலப்பக்கம் மொத்தமும் தொங்கிப்போனது. கண் மூடாது. டீ குடித்தால் கடைவாயில் வழியும். சிரித்தால் இடப்பக்கம் மட்டும் ஏறி, முகத்தையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நீ சிரிப்பதையே நிறுத்திவிட்டாய். இடம் பிடித்த கைக்குட்டை வாயை மூடும் வேலைக்கு வந்துவிட்டது.

முகவாதம் வந்த நாலு பேரைப் பார்த்திருக்கிறோம், தானே சரியாகிவிடும் என்று உன் வீட்டில் நம்பினார்கள். யாரோ புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். நீயும் தடவிக்கொண்டு ரயில் ஏறினாய். ஆவடி வரை ஈக்கள் டிக்கெட் இல்லாமல் நம்மோடு வந்தன. எனக்குக் கோபம் வந்தது, உனக்கும்தான். ஆனால் யாராவது ஒன்றைச் சொல்லும்போது வேண்டாம் என்பது உன் வழக்கம் இல்லையே. ஒரு வைத்தியம் போனால் இன்னொன்று என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிப்போயிற்று.

கடைசியில் முகநரம்பு ஆபரேஷன் செய்கிற அந்த டாக்டரம்மாவிடம் போனபோது நானும் கூட வந்தேன். திட்டுவார் என்று பயந்துகொண்டே போனோம், அவர் திட்டவில்லை. தானாக வருகிற வாதம் பெரும்பாலும் தானாகவே போகும், நரம்பே அறுந்துபோனது அப்படியல்ல என்றார். முதல் வருடத்தில் வந்திருந்தால் வேறொரு நரம்பை முகநரம்போடு இணைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது அந்தப் பக்கத்துத் தசைகள் சூம்பிவிட்டன, கரண்ட் கொடுத்தாலும் எரியாத பல்பு. தொடையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வாயோரத்தைத் தூக்கிக் கட்டலாம். முகம் நேராக நிற்கும், அசையாது. நல்ல பக்கத்து நரம்பிலிருந்து உதட்டுக்கு மேலாக ஒரு இணைப்பு ஓட்டி, பல மாதம் காத்திருந்து, பிறகு தொடைத் தசையை வைக்கலாம்; சிரிப்பு தானாக வரும், ஆனால் உன் வயதுக்குப் பலமாக வருமா என்று சொல்வதற்கில்லை. அல்லது தொடைத் தசையைக் கன்னத்தில் வைத்து, கடிக்கிற நரம்போடு இணைக்கலாம். அசைவு நன்றாக வரும், ஆனால் பல்லைக் கடித்தால்தான் வரும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். “கடிக்காம சிரிப்பு வருமா, அத்த மட்டும் சொல்லும்மா.”

“பழகப் பழகச் சிலருக்கு மூளை தானே கத்துக்கும். எல்லாருக்கும் வரும்னு சொல்லமாட்டேன்” என்றார் அவர். அந்தச் ‘சிலருக்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நீ கடிக்கிற நரம்புக்கே சரி என்றாய்.

ஆபரேஷன் அன்று காலையில் உள்ளே போனவன் வெளியே வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். உட்தொடையில் ஒரு தசைத் துண்டை, அதன் ரத்தக்குழாய்களோடும் நரம்போடும் எடுத்து, முடியைவிட மெல்லிய நூலால், பூதக்கண்ணாடிக்குக் கீழே, கன்னத்தில் தைத்தார்கள். இதையெல்லாம் உன் மனைவியிடம் விளக்கிச் சொல்லும்போது எனக்கே நம்ப முடியவில்லை. நேற்று வரை காலை அசைத்துக்கொண்டிருந்த ஒரு சதை, அதற்கு முகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதைக் கொண்டுவந்து ‘இனிமேல் நீ சிரி’ என்று சொல்வதற்கு மனிதனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பியதில்லை. மேலிமைக்குள் தங்கத்தில் ஒரு சின்ன எடையும் வைத்திருந்தார்கள், கண் தன் பாரத்திலேயே மூடிக்கொள்ளட்டும் என்று. உனக்குப் பேச்சு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாய். “பொண்டாட்டி கழுத்துல இல்லாத தங்கம் என் கண்ணுல கீது மாமே.”

பிறகு காத்திருப்பு. நரம்பு அந்தப் புதுச் சதைக்குள் ஊர்ந்து போய்ச் சேர மாதங்கள் ஆகுமாம். நீ கமர்கட்டு வாங்கி வைத்துக்கொண்டு கடிக்கத் தொடங்கினாய். பயிற்சி சொல்லித்தந்த பெண் பல் போய்விடும் என்று கண்டித்தும் நீ விடவில்லை. ஒரு நாள் இந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டும்போது, கடக்கென்று நீ கடித்த நொடியில், உன் வலக்கடைவாய் துள்ளி ஏறி இறங்கியது. நான் உன் கன்னத்துக்கு நேரே குனிந்துவிட்டேன்.

“இன்னாத்துக்கு அப்டிப் பாக்குற?”

“இன்னொரு தரம் கடி” என்றேன். கடித்தாய். ஏறியது. பெட்டியே எழுந்து நின்று பார்த்தது. ஒருவர் மாற்றி ஒருவர் கடிக்கச் சொல்லி, ஆவடிக்குள் உன் கமர்கட்டு தீர்ந்துவிட்டது.

வந்த சிரிப்புக்கு நேரம் காலம் தெரியவில்லை என்பதுதான் தொல்லை. நீ வேர்க்கடலை மெல்ல, எதிரே இருந்த பெண்மணி முறைத்துவிட்டு இடம் மாறிப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நான் உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன்! ஆனால் உன் அப்பா இறந்த அன்று கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. நீ தலைமாட்டில் நின்றாய். ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாய், அழுகையை அடக்கப் பல்லைக் கடித்தாய். முகம் சிரித்தது.

“அப்பன் பொணமா கெடக்குது, இவன் சிரிச்சினு கீறான் பாரு” என்றாள் உன் அத்தை. பறைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது.

“நான் சிரிக்கல அத்தே. பல்ல கடிச்சா அது இஸ்துக்குது” என்றாய். அவளுக்குப் புரியவில்லை. இனி அடக்க வழியில்லை என்று ஆனதும் நீ வாயைத் திறந்தாய். அத்தனை ஆண்கள் நடுவே, குழந்தை போல, வாய் முழுக்கத் திறந்து அழுதாய். முகம் அப்போதுதான் அழுகிற முகமாக ஆனது. அத்தை ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் உன் தாடையைப் பார்க்கப் பழகினேன். நீ சிரிக்கும்போதெல்லாம் காதுக்குக் கீழே ஒரு முடிச்சு விழும். விழுந்தால் கடித்துச் சிரிக்கிறாய் என்று அர்த்தம். முடிச்சில்லாத சிரிப்பு வருமா என்று நீ கண்ணாடியில் பார்த்தாய், நான் ரயிலில் பார்த்தேன்.

அது வந்த நாளில் நான்தான் கோமாளி. அம்பத்தூரில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினேன். என் சாப்பாட்டுப் பையின் வார் யாரோ ஒருவருடைய பையில் மாட்டிக்கொண்டிருந்தது தெரியாது. பையும், பையைப் பிடித்திருந்த ஆளும் என் பின்னாலேயே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர் கொரட்டூர் போகவேண்டியவர். அவரைத் திரும்ப ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலில் நீ. வாய் அகலத் திறந்து, பழைய நாள் போலச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய். இரண்டு கடைவாயும் ஏறியிருந்தன. தாடையில் முடிச்சு இல்லை. ரயில் நகர்ந்துவிட்டது. உடனே போன் போட்டேன்.

“ரெண்டு பக்கமும் சிரிச்சடா” என்றேன்.

“ரெண்டு பக்கமுமா?” நம்பாமல், “பல்ல கடிச்சிருப்பேன் மாமே” என்றாய்.

“வாய் தொறந்திருந்துச்சு. முடிச்சே விழல.”

நீ போனை வைக்கவில்லை. பட்டரவாக்கம் வரை சக்கரங்களின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். கடிக்கிற நரம்பு, காலின் சதை, உன் சந்தோஷம், இந்த மூன்றுக்கும் உள்ளே யார் அறிமுகம் செய்துவைத்தது? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு எத்தனையோ காலைகள் அப்படிச் சிரித்தாய். போன கார்த்திகையில் மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் எல்லோரும் தாடை இறுக நின்றார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். அழுகை வரவில்லை, அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

நேற்று அந்தக் கமர்கட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன். இந்து காலேஜ் தாண்டும்போது கடித்தேன். என் முகத்தில் எதுவும் ஏறவில்லை, கண்தான் நிறைந்தது. வழக்கம்போல் தாடையை இறுக்கப் போனவன், உன்னை நினைத்து, வாயைத் திறந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் பதறிப்போய், “இன்னா சார் ஆச்சு?” என்றார்.

“ஒண்ணுமில்லைங்க, பழகிக்கிட்டிருக்கேன்” என்றேன்.